பல்லவிக்கு முன்னால்

டின்னிலிருந்து எடுத்த சால்மன் மீனை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள் பெரில். அவள் மகள் பிலிப்பா மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டாள்.

"வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு சொல்லணும்ல?"

பெரில் வினிகர் புட்டியைச் சாய்த்தாள். இரண்டு சொட்டு. மூடியைத் திருகி வைத்தாள்.

"வெள்ளரிக்காயை இன்னும் மெல்லிசா நறுக்கு. கத்தி அந்த டிராயர்ல இருக்கு."

"அம்மா."

"நான் வேண்டாம்னு சொல்லல. வேற ஏதாவது போடலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"பதினொண்ணே முக்காலுக்குக் கார் வந்துடும். மாத்தணும்னா பத்து மணிக்குள்ள நான் தகனக்கூடத்து அம்மாவுக்கு போன் பண்ணணும். அவங்கதான் அங்க கம்ப்யூட்டர்ல ஏத்தணும்." பிலிப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வந்து மேசையருகே நின்றாள். "அப்பா எழுதினதுல நாட்டுக்கே தெரிஞ்ச பாட்டு அது ஒண்ணுதான். அதைப் போடாம எதைப் போடறது? கார்பெட் விளம்பரத்தையா?"

பெரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலிப்பாவும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் பெரில் மசித்த மீனை ரொட்டித் துண்டுகளில் தடவ ஆரம்பித்தாள்.

"சரி, அதையே போடு," என்றாள் பெரில்.

நெவில் கார்ட்ரைட் இறந்து அன்றைக்குப் பதினேழாம் நாள். தகனக்கூடத்தில் அதற்கு முன்னால் இடம் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் மூன்று பாட்டு. பெட்டி உள்ளே வரும்போது ஒன்று, நடுவில் உட்கார்ந்து நினைத்துக்கொள்ள ஒன்று, பெட்டியை மறைத்துத் திரை மூடும்போது ஒன்று. படிவத்தில் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பத்தான் பிலிப்பாவுக்கு யோசனை தேவைப்பட்டது. மூன்றாவதில் யாரையும் கேட்காமல் 'திங்கட்கிழமைக்குள் வந்துவிடு' என்று எழுதிவிட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

நெவில் லெஸ்டர் நகரத்துப் பஸ் கண்டக்டர் மகன். நடன அரங்குகளில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் இருபத்துமூன்று வயதில் லண்டனுக்கு வந்து, டென்மார்க் தெருவில் ஒரு பாட்டுப் பதிப்பாளரின் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து பாட்டு எழுதினார். அப்புறம் எழுதிய பாட்டுகளைத் தானே தயாரிக்கவும் ஆரம்பித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்திலிருந்து எழுபத்துநான்கு வரை வானொலியில் அவர் பாட்டு வராத நாள் குறைவு. அதற்குப் பிறகு பாடுகிறவர்களே எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நெவில் விடுமுறை முகாம்களுக்கு வரவேற்புப் பாட்டு போட்டார், பிஸ்கட்டுக்குப் போட்டார், கார்பெட் கடைக்குப் போட்டார். 'நடந்து பாருங்க, நடந்து பாருங்க' என்று நான்கே வரி. அது பதினோரு வருடம் தொலைக்காட்சியில் ஓடியது. கடைசி இருபது வருடம் இந்தக் கடலோர ஊரான பெக்ஸ்ஹில்லில் கராஜில் ஒரு பியானோவும் இரண்டு டேப் மெஷினுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர் கார்பெட் பாட்டுக்காரர்.

பெரில் அவரைச் சந்தித்தது டென்மார்க் தெரு மாடியில்தான். டைப் அடிக்கப் போனவள். அவள் ஃபைல் அடுக்கும்போது தனக்குள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு நெவில், "நீ எனக்கு ட்ராக் பாடறியா?" என்று கேட்டார்.

ட்ராக் பாடுவதென்றால், பாட்டின் வாத்தியங்கள் பதிவான பிறகு, உண்மையான பாடகி வருவதற்கு முன்னால், மெட்டும் வார்த்தையும் எங்கே எப்படி விழ வேண்டும் என்று காட்ட ஒருத்தி பாடி வைப்பது. பாடகி அதைக் கேட்டுப் படித்துக்கொள்வாள். அப்புறம் அதன் மேலேயே தன் குரலைப் பதிவு செய்வாள். அந்தக் காலத்து டேப்பில் வாத்தியம், குரல் எல்லாம் சேர்த்து நான்கு பதிவுக்குத்தான் இடம். பழையது இருந்த இடத்தில்தான் புதியது ஏற வேண்டும். ஏறினால் பழையது போய்விடும்.

பெரில் நாற்பத்தொரு பாட்டுக்கு ட்ராக் பாடினாள். நாற்பத்தொன்றும் போயின. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. துணி தைக்கிறவள் முதலில் போடும் நூலோட்டம் மாதிரி அது. உருவி எறிவதற்காகவே போடுவது.

நெவிலுடன் வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். அவர் 'அருமை' என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். "அருமை. இன்னொண்ணு எடுத்துடலாம்" என்பார். வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் வில்லை எடுப்பார்கள். நிஜமாகவே பிடித்துப்போனால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வார். வேலை முடிந்தது என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்தது. ஆட்டுக்கறி அருமை. புதுத் திரைச்சீலை அருமை. தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றால், அருமை, பெரில்.

அறுபத்தேழு ஜனவரியில் அவள் கிரிம்ஸ்பியிலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட அவர் வீட்டில் இருந்தால்தானே. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். அவள் போனதையே நெவில் நான்காம் நாள்தான் கவனித்தாரோ என்னவோ, ஐந்தாம் நாள் கூடத்தில் போன் மணி அடித்தது.

"பெரில், திங்கட்கிழமைக்குள்ள வந்துடு," என்றார். கம்பியில் ஒரே இரைச்சல். "ட்ராக் பாடணும்," என்றார்.

அவள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். மேசைமேல் பாட்டு இருந்தது. தலைப்பைப் படித்துவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் கோட்டோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். போன புருஷனை ஒருத்தி கூப்பிடும் பாட்டு. ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கி மாற்றி எழுதியிருந்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மைக் முன்னால் நின்று ஒரே தடவை பாடினாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. அது அவளுக்குப் பாடும்போதே தெரிந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நெவிலும் ஒலிப்பதிவாளர் லயனல் பார்ஜெட்டரும் உட்கார்ந்திருந்தார்கள். நெவில் லயனல் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. பொத்தானை அமுக்கினால்தான் அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் கேட்கும். அவர் அமுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசினார். லயனல் தலையாட்டினார். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினார்.

"அருமை, பெரில். நீ கிளம்பு. மார்சி வந்துட்டா."

நடைவழியில் மார்சி டேன் பெஞ்சில் உட்கார்ந்து தேன் கலந்த வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். தொண்டை கட்டியிருந்தது.

"கஷ்டமான பாட்டாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ரொம்ப சுலபம்," என்று சொல்லிவிட்டு பெரில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

ஏப்ரலில் அந்தப் பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. தெருவில் எந்த ஜன்னல் திறந்திருந்தாலும் மார்சியின் குரல் வந்தது. அதன் அடியில் தன் குரல் இல்லை என்று பெரிலுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பாட்டு வந்தால் அறையை விட்டு எழுந்து போவாள். ஏதாவது அடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் கொடியில் துணி இருக்கும். அடுத்த வருடம் பிலிப்பா பிறந்ததும் ட்ராக் பாடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ட்ராக் பாட ஏஜென்சியிலிருந்து வேறு ஒரு பெண் வர ஆரம்பித்தாள்.

அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார்? நன்றாக இருந்தது என்றா, இல்லை என்றா? முதல் சில வருடங்கள் கேட்க வெட்கமாக இருந்தது. அப்புறம் காலம் கடந்துபோன மாதிரி இருந்தது. அதற்கப்புறம், இவ்வளவு நாள் இதையா மனதில் வைத்திருந்தாய் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மதியம் கேட்டாள். பிலிப்பா லீட்ஸிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தார்கள். நெவிலுக்கு நினைவு ஸ்டூடியோவில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கியபோது, "டிரம்ஸைக் கொஞ்சம் குறைங்கப்பா," என்றார். பெரில் தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அவர் உதட்டைத் தடவினாள்.

"நெவில். நான்தான், பெரில்."

"ம்."

"அந்தத் திங்கட்கிழமைப் பாட்டு. நான் ட்ராக் பாடினேன்ல. அது எப்படி இருந்துது?"

அவர் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. அவளைத் தெரிந்துதான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அருமை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு எடுத்துடலாம்."

அதற்குப் பிறகு பேசவில்லை. நாலேகால் மணிக்கு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பெரிலின் தோளில் கை வைத்தாள். ஐந்தரைக்குப் பிலிப்பா ஓடி வந்தாள். "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான் கேட்டார்," என்றாள் பெரில்.

தகனக்கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நிறையப் பேர் வருவார்கள் என்று பிலிப்பா எண்பது நிகழ்ச்சித்தாள் அச்சடித்திருந்தாள். ஸ்பெயினில் இருந்த மார்சி, வெள்ளைச் செவ்வந்தியில் இசைத்தட்டு வடிவத்தில் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தாள். நடுவில் சிவப்புப் பூவால் வட்டம். சடங்கை நடத்திவைத்த அம்மாள் நல்ல குரலில், நெவிலைப் பார்த்தே இராதவள் என்று தெரியாத அளவுக்கு நன்றாகப் பேசினாள். பஸ் கண்டக்டர் மகன், நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள், அன்பான கணவர். எழுதிக் கொடுத்தது பெரில்தான். வேறு ஒருவர் வாயில் கேட்கும்போது யாரோ ஒருவரைப் பற்றியது மாதிரி இருந்தது.

லயனல் வந்திருந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு அவரை இப்போதுதான் பார்க்கிறாள். இப்ஸ்விச்சிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருக்கிறார். எண்பத்தொரு வயது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி. நடைபாதைக்கு எதிர்ப்புறம், அவளுக்கு நேரான வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. இந்தத் தடவை எழுந்து போக முடியாது. பெரில் நிகழ்ச்சித்தாளைப் பார்த்தாள். நெவில் பெயருக்குப் பின்னால் இரண்டு கால்புள்ளி விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லவிக்கு முன்னாலேயே வரும் முதல் சரணம் முடியப்போகும் சமயம் யாரோ தன்னைப் பார்ப்பதுபோலத் தோன்றி நிமிர்ந்தாள். லயனல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லவி தொடங்கியதும் சட்டென்று குனிந்துகொண்டார். திரை மூடியது. அதை இழுக்கும் மோட்டார் பாட்டைவிடச் சத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் பௌல்ஸ் கிளப்பில் கூடினார்கள். நெவில் பந்து உருட்டி யாரும் பார்த்ததில்லை. சந்தா மட்டும் கட்டினார், தேநீருக்காக. சால்மன் ரொட்டி சீக்கிரம் தீர்ந்தது. ஷெர்ரி ஒயின் உள்ளே போனதும் பேச்சு கொஞ்சம் உயர்ந்தது.

"கவுன்சில் ஆபீஸ்ல புதுசா கார்பெட் போட்டாங்கல்ல, அன்னிக்கு நெவிலைக் கூப்பிட்டு நடக்க விட்டேன்," என்றார் கிளப் செயலாளர். "எப்படி இருக்குன்னு கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன?"

"அருமைன்னார்."

பெரிலும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். யாரோ மெதுவாக 'நடந்து பாருங்க' என்று ஆரம்பிக்க, இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். இன்றைக்குப் போய் இதையா என்று ஒருத்தி அதட்டினாள். "பாடட்டும் விடுங்க, அதுவும் அவர் எழுதினதுதானே," என்றாள் பெரில்.

லயனல் ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாட்டை ரொம்ப சத்தமா வெச்சுட்டாங்க," என்றார் லயனல்.

"உனக்குக் கேட்டுதா?"

"மெஷினைக் கழட்டிட்டேன். அதுல கேட்டா எல்லாம் தகர டப்பாக்குள்ள வர்ற மாதிரி இருக்கும். எந்த இடம் ஓடுதுன்னு எனக்குக் காது இல்லாமலே தெரியும்."

"லயனல், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் ட்ராக் பாடி முடிச்சதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெவில் உன்கிட்ட என்னமோ சொன்னார். கொஞ்ச நேரம் பேசினார். நீகூடத் தலையாட்டின." அவள் குரல் அவளுக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. "என்ன சொன்னார்?"

லயனல் நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார்.

"நாப்பத்தொம்பது வருஷமாச்சு பெரில். ஞாபகமில்ல. மத்தியானம் சாப்பிட எங்க போலாம்னு கேட்டிருப்பான். பதினொரு மணியானா அவனுக்கு அந்த நினைப்பு வந்துடும்."

பெரில் தலையாட்டினாள். அப்படித்தான் இருக்கும். நெவிலைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பாமல் இருக்க முடியாது. மேசைவிரிப்பில் விழுந்திருந்த ரொட்டித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்துத் தட்டில் போட்டாள்.

"ஆனா வேற ஒண்ணு உன்கிட்ட சொல்லணும்," என்றார் லயனல். "இன்னிக்குச் சொல்லலாமா கூடாதான்னு ரயில்ல வரும்போதெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். அது என் தப்பு. என் வேலையிலேயே நான் பண்ணின பெரிய தப்பு."

"என்ன தப்பு?"

"மார்சிக்கு அன்னிக்குத் தொண்டை சரியில்ல. முழுசாப் பாட முடியல. துண்டு துண்டா எடுத்தோம். உன் குரல் இருந்த இடத்துலயே அவளுதை ஏத்திட்டு வந்தோம். சரணம் எடுத்தாச்சு. அப்புறம் பல்லவி. அதுக்கு நான் சரியான இடத்துல பொத்தானை அமுக்கணும். அமுக்கின நிமிஷத்துலேர்ந்து பழசு போய்ப் புதுசு ஏறும். நான் கொஞ்சம் லேட்டா அமுக்கிட்டேன். பல்லவியோட முதல் சொல்லுக்கு ஒரு மயிரிழை முன்னாலதான் விரல் போச்சுன்னு நெனைக்கிறேன். நல்லவேளை, சொல் தப்பிச்சுது. அதுக்கு முன்னால இருந்தது அழியாம அப்படியே தங்கிடுச்சு."

"முன்னால என்ன இருந்துது? அங்க ஒண்ணும் கிடையாதே. எல்லா வாத்தியமும் நின்னுடும் அந்த இடத்துல."

"நின்னுடும். ஒரு தாளத்துக்கு." லயனல் கோப்பையைத் திருப்பி அதன் கைப்பிடியைத் தன் பக்கம் கொண்டுவந்தார். "நீ மூச்சு இழுத்தது இருந்துது."

கிளப் பணிப்பெண் வந்து, "தட்டை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். லயனல் தட்டை நகர்த்தினார். அவள் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பயந்துட்டேன்," என்றார் லயனல். "மன்னிச்சுக்கோ நெவில், திரும்ப எடுத்துடறேன்னேன். அவன் ஓட்டிக் காட்டச் சொன்னான். ஓட்டினேன். இன்னொரு தடவைன்னான். அதையும் கேட்டான். அப்புறம் ஒண்ணும் சொல்லல. எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டான்."

பெரில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த புல்தரை. யாரோ ஒருவர் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுந்து..."

"ஆமா. கோட்டை மாட்டிக்கிட்டு நேராக் கதவுக்குப் போயிட்டான். மார்சி இன்னும் மைக் முன்னால நிக்கறா, பாவம், இவங்க எங்க போறாங்கன்னு தெரியாம முழிக்கறா. கதவுகிட்ட நின்னு திரும்பி, 'பெரில்கிட்ட சொல்லிடாதே'ன்னான். ஏன்னு கேட்டேன். 'சொன்னா அடுத்த தடவை யோசிச்சு யோசிச்சு மூச்சு எடுப்பா, கெட்டுப்போயிடும்'னான்."

"அடுத்த தடவை," என்றாள் பெரில்.

"அப்புறம் நீ பாடறதையே விட்டுட்ட."

"பிலிப்பா பொறந்தா."

"ஆமா. பொறந்தா."

உள்ளே மறுபடியும் யாரோ கார்பெட் பாட்டை ஆரம்பித்து, இந்தத் தடவை வார்த்தை மறந்து நிறுத்தினார்கள்.

"அது எவ்வளவு நேரம் இருக்கும், லயனல்?"

"அரை செகண்டு. அதுக்கும் கம்மியா இருக்கும்."

"அவ்வளவுதானா."

"அவ்வளவுதான். ஆனா வித்த எல்லாத் தட்டுலயும் இருக்கு." அவர் காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்தார். "நான் எங்க அந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த இடம் வந்தா மட்டும் தலையைக் குனிஞ்சுக்குவேன். பண்ணின தப்பு நம்மளை விட்டுப் போகுமா."

பிலிப்பா இரண்டு கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். "லயனல் மாமா, உங்க டாக்சி வந்துடுச்சு. அம்மா, ரெண்டு பேரும் அவ்வளவு நேரமா என்ன பேசிட்டிருந்தீங்க?"

"மத்தியானச் சாப்பாட்டைப் பத்தி," என்றாள் பெரில்.

பிலிப்பா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். போவதற்கு முன்னால் நெவிலின் சட்டைகளைப் பையில் கட்டி வைத்தாள். கராஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஸ்டேஷனில் ரயில் வர எட்டு நிமிடம் இருந்தது. சொல்லிவிடலாமா என்று பெரில் இரண்டு தடவை நினைத்தாள். சொன்னால் பிலிப்பா உடனே போனை எடுத்து, பாட்டைத் தேடிப் போட்டு, எங்கே, எங்கே என்று கேட்பாள். பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வைப்பாள். அவளுடைய நல்ல மனசு அப்படி. பெரில் அவள் மப்ளரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, போனதும் போன் பண்ணு என்றாள்.

வீட்டில் அந்தப் பாட்டு எட்டு விதத்தில் இருந்தது. தட்டாக, நாடாவாக, தொகுப்புகளில் ஒன்றாக. பெரில் எதையும் எடுக்கவில்லை. கராஜுக்குப் போய் ஒருமுறை விளக்கைப் போட்டாள். பியானோ மூடியின்மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். தேடி எடுத்து, போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, கேட்டது அதுதானா இல்லையா என்று மறுபடியும் போட்டுப் பார்ப்பதை நினைத்தாலே அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்காமலே போய்விட்டால் என்ன என்றும் நினைத்தாள். ஒற்றை உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. தினமும் குழைந்துபோனது.

நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலை, சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். கூட்டம் இல்லை. பாலை வண்டியில் வைத்துவிட்டு, அடுத்த வரிசைக்குத் திரும்பி, அலமாரி முன்னால் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கூரையிலிருந்து ஏதோ ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. அது முடிந்தது. அடுத்ததில் வயலின்கள் எழும்பின. நான்காவது சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கை வண்டியின் பிடியைப் பற்றியது. கால் நகரப் பார்த்தது. அவள் நின்றாள்.

மார்சி பாடினாள். சின்னப் பெண்ணின் குரல், கட்டிய தொண்டையோடு. போனவன் கோட்டைக்கூட எடுக்கவில்லை, வாசலில் வெளிச்சத்தை அணைக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் யாரோ அட்டைப்பெட்டியைக் கிழித்தார்கள். குளிர்ப்பெட்டிகள் உறுமின.

"கொஞ்சம் நகர்றீங்களாம்மா? முட்டை எடுக்கணும்."

தொப்பி போட்ட வயதான ஒருவர் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தார். பெரில் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நேராகக் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். அவர் அலமாரிப் பக்கம் பாதி நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

சரணத்தின் கடைசிச் சொல் முடிந்தது. டிரம்ஸ் நின்றது. வயலின்கள் நின்றன.

அப்புறம் பல்லவி ஆரம்பித்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, மார்சி அவனைத் திங்கட்கிழமைக்குள் வரச் சொன்னாள்.

பெரில் கையை இறக்கினாள். வண்டியைத் தன் பக்கம் இழுத்து வழி விட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. இப்ப எடுத்துக்கோங்க," என்றாள்.

அவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஒரு பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முட்டையாக விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தார்.